லேமினேஷன் போட்ட ஓலையும் தற்காலிகத் தேவாங்கும்

ஒரு காட்டில் ஒரு தேவாங்கு வேலை பார்த்தது. காடு என்றதும் மலைப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டாம். இந்தக் காடு ஞானசிகாமணி என்ற டவுன் பஸ் கண்டக்டரின் தோலுக்கு உள்ளே இருந்தது. அவருக்கு இந்தக் கதை தெரியாது. தெரிந்திருந்தால் விசில் அடித்து எங்களைப் பாதி வழியிலேயே இறக்கிவிட்டிருப்பார்.

'எங்களை' என்று வாய் தவறி வந்துவிட்டது. பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். அந்தத் தேவாங்கு நான்தான். நீதிக்கதையில் 'நான்' வந்தால் நீதி ஒட்டாது என்று நினைத்து, யாரோ போல ஆரம்பித்தேன். ஒரு பத்திகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. என் வேலைத்திறமை எப்படிப்பட்டது என்று இதிலேயே புரிந்திருக்கும்.

பெயர் பொன்னுரங்கம். பதவி நகலெழுத்தர், தற்காலிகம். பதினொரு வருடமாகத் தற்காலிகம்.

வேலை இதுதான். காட்டின் நடுவே ஓர் அறை, அறைக்குள் ஒரு பெரிய பாறை. காடு முளைத்த நாளிலிருந்து அதில் என்னென்ன நடக்க வேண்டுமோ எல்லாம் அந்தப் பாறையில் வரி வரியாக வெட்டியிருக்கிறது. பாறையை வெளியே கொண்டுபோகக் கூடாது. கூடும் என்றாலும் என்னால் தூக்க முடியாது. எந்த வரி தேவையோ அதை மட்டும் ஒரு பூவரசு இலையில், நாவல்பழச் சாற்றைத் தொட்டு, பார்த்து எழுத வேண்டும். எழுதி முடித்த இலைக்கு ஓலை என்று பெயர். அதைக் கொண்டுபோய் வெளியே இருக்கும் நாவல் மரத்தில் மாட்ட வேண்டும். மரத்தடியில் ஓர் ஆள்காட்டிக் குருவி நிற்கும். இலையில் என்ன இருக்கிறதோ அதைப் படித்துக் கூவும். இலை இருக்கும்வரை கூவும். இலை போனால் வாயை மூடிக்கொள்ளும். சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்காது. நல்ல ஊழியர்.

படித்தவர்கள் அந்தப் பாறை வரிக்கு மரபணு என்றும், குருவியின் கூவலுக்கு சைட்டோகைன் என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் காட்டில் கூப்பாட்டு வரி, கூப்பாடு, அவ்வளவுதான். முள் குத்தினாலோ, கிருமி புகுந்தாலோ நான் கூப்பாட்டு வரியைத்தான் எடுத்து எழுதுவேன்:

'வாருங்கள். சூடேற்றுங்கள். அந்நியரைக் கடியுங்கள்.'

இதற்குக் கீழே கடைசியாக ஒரு வரி இருந்தது. 'அஉஉஉஅ அஉஉஉஅ அஉஉஉஅ.' கல் வெட்டியவனுக்குக் கை நடுங்கியிருக்க வேண்டும், அல்லது அவன் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து விளையாடியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவர் யாரும் இல்லை. பாறையைப் பார்த்துப் பார்த்துக் கை தானாக வளைந்ததுதான். அப்படிக் கற்றுக்கொண்டவனுக்கு ஒரு பயம் எப்போதும் உண்டு, புரியாததெல்லாம் தனக்கு மட்டும்தான் புரியவில்லையோ என்று. அதனால் அந்தக் கிறுக்கலையும் ஒரு எழுத்து விடாமல் எழுதிவிடுவேன். யாரிடமும் கேட்டதில்லை.

குருவி கூவியதும் செந்நாய்க் கூட்டம் ஓடி வரும். தலைவன் சடையப்பன். அவனுக்கு நான்கு விதிகள்தான் தெரியும். கூப்பாடு கேட்டால் ஓடு. அந்நியரைக் கடி. கூப்பாடு நின்றால் திரும்பு. மாட்டிய ஓலையைக் கழற்றுகிறவன் யாராக இருந்தாலும் அவனையும் கடி. நான்காவது விதி ஏன் என்றால், முன்பு ஒரு கிருமி ஓலையைக் கழற்றி எறிந்துவிட்டு, கூப்பாடே கேட்காமல் செய்து, நுரையீரல் பக்கம் குடும்பத்தோடு குடியேறப் பார்த்ததாம்.

உச்சி வெயில் ஏறும்போது எறும்புகள் வரும். ஓலையைத் தின்னும். இலை போகும், குருவி நிறுத்தும், செந்நாய்கள் வீட்டுக்குப் போகும். வேலை மிச்சம் இருந்தால் நான் இன்னோர் இலை எழுதுவேன். இல்லாவிட்டால் சும்மா இருப்பேன். இதில் ஒரு அழகு இருந்தது என்று இப்போது சொல்கிறேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், காலையில் எழுதியது சாயங்காலம் இருக்காது என்பதுதான். பதினொரு வருடம் எழுதினேன். மிச்சம் என் விரலில் இருந்த நாவல்பழக் கறை.

அந்த வருடம் மண்ணீரலில் இருக்கும் தலைமை அலுவலகம் ஓர் அறிவிப்பு விட்டது. பத்து வருடம் முடித்த தற்காலிகங்கள் நிரந்தரத்துக்கு விண்ணப்பிக்கலாம். நிரந்தரம் என்றால் சொந்தப் பொந்து. மழையில் கிளையைக் கட்டிக்கொண்டு தூங்க வேண்டாம்.

படிவம் வாங்க வரிசையில் நின்றேன். தேவாங்கு வரிசையில் நின்றால் வரிசை நகரும், தேவாங்கு நகராது. எனக்குப் பின்னால் வந்த நத்தை, "கொஞ்சம் வழி விடுங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் போய்ப் படிவம் வாங்கிக்கொண்டு திரும்பியது. மூன்றாம் நாள் எனக்கும் கிடைத்தது. பதின்மூன்று கேள்விகளுக்கு உற்சாகமாகப் பதில் எழுதினேன். பதினான்காவது கேள்வியில் பேனா நின்றது.

அப்போதுதான் அஞ்சலை வந்தாள். அஞ்சலை சருகுமான். முயல் உயரம், குச்சிக் கால், ஊரையே விற்கும் வாய். காட்டின் தெற்கே முட்டிப்பாறை என்று இரண்டு பாறைகள், கண்டக்டர் நடக்க நடக்க ஒன்றோடொன்று அசையும். நடுவில் ஈரமான பாசி மெத்தை. அந்த இடுக்கில்தான் அவள் வீடு.

"என்ன ரங்கா, மொகம் வாடிக் கெடக்கு? இல்ல, உன் மொகமே அதுதானா?"

"பதினாலாவது கேள்வி, அஞ்சலை. நான் கைப்பட எழுதுனது ஒண்ணு மரத்துல மாட்டி இருக்கணுமாம். தலைமை அலுவலகத்து ஆமை அய்யா நேர்ல வந்து பார்ப்பாராம்."

"காட்டு. தெனம் எழுதுறியே."

"எங்க இருக்கு? எல்லாத்தையும் எறும்பு தின்னுருச்சு."

அவள் சிரித்த சிரிப்பில் ஒரு பழுத்த இலை உதிர்ந்தது. "பதினோரு வருசம் எழுதி ஒரு எலைகூட மிச்சம் இல்லையா? நான் போடுற புழுக்கைகூட நாலு நாள் கெடக்கும்டா!"

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் அன்று பூராவும் புழுக்கையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை கண்டக்டரின் செருப்பு வார் அறுந்தது. டிப்போவுக்கு வெளியே கருவேல முள் குதிகாலில் ஏறியது. முள்ளோடு கிருமிகளும் ஏறின, டிக்கெட் எடுக்காமல். தகவல் வந்ததும் நான் பாறை அறைக்குப் போனேன். அன்று எழுதியதுபோல என் வாழ்நாளில் எழுதியதில்லை. 'வாருங்கள்' என்பதில் 'வா' அப்படி ஒரு வளைவு வளைந்தது. அதைப் பார்த்தால் கிருமிக்கே வரத் தோன்றும்.

எழுதி முடித்ததை நேரே மரத்துக்குக் கொண்டுபோகவில்லை. வழியில் குரங்கு தாசு ஒரு கடை வைத்திருந்தான். ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம். உடம்புக்குள் லேமினேஷன் கடை ஏது என்று கேட்பீர்கள். தேவாங்கு படிவம் நிரப்பியதை நம்பினீர்கள் அல்லவா, இதையும் நம்புங்கள்.

"போடலாம் சார்," என்றான் தாசு. "மழையில நனையாது, எறும்புக்கு மசியாது. உங்க பேரன் காலத்துக்கும் இருக்கும்."

"எனக்குக் கல்யாணமே ஆகலப்பா."

"அப்ப வேற யாரு பேரன் காலத்துக்காவது இருக்கும். குடுங்க."

இலையைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துப் பார்த்தான். கீழே இரண்டு விரல் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"உறை சின்னது சார். அடியில வெட்டிரவா?" குனிந்து பார்த்தான். "இது என்ன சார், அஉஉஉஅன்னு? பேனா எழுதுதான்னு கிறுக்கிப் பார்த்ததா?"

ஆமை அய்யா கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த வரியைப் பார்ப்பது என் மனசில் ஓடியது. "ஆமா," என்றேன். "கிறுக்கிப் பார்த்ததுதான். வெட்டிரு."

பதினொரு வருடம் விடாமல் எழுதிய வரியை, ஒரு குரங்கின் முன்னால் வெட்கப்பட்டு, எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். தாசு வெட்டினான். வெட்டிய துண்டை வாயில் போட்டு மென்றான். மெஷின் சூடாக ஒரு தடவை மூச்சு விட்டது. ஓலை மறுபக்கம் பளபளவென்று வந்தது. மூலையில் ஓட்டை போட்டு, கம்பியும் கொடுத்தான்.

மாட்டினேன். குருவி கூவியது. செந்நாய்கள் குதிகாலுக்கு ஓடின. எல்லாம் வழக்கம்போல நடந்தது. உச்சி வெயிலில் எறும்புகளும் வழக்கம்போல வரிசையாக வந்தன. பிளாஸ்டிக்கின் மேல் ஏறி, முதல் வரியிலிருந்து மெதுவாக இறங்கி, அடி விளிம்பு வரை போயின. அங்கே நின்று மீசையால் தடவித் தடவிப் பார்த்தன. பிறகு அப்படியே திரும்பி, வந்த வழியே போய்விட்டன. வழுக்கியிருக்கும் என்று நினைத்தேன்.

சாயங்காலம் ஆனது. என் எழுத்து அங்கேயே இருந்தது.

எப்படிச் சொல்வது? பொழுது சாயும்போது என் எழுத்தின் மேல் வெயில் படுவதை நான் அதுவரை பார்த்ததே இல்லை. மரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். குருவி கூவிக்கொண்டே இருந்தது. நிறுத்தவில்லை என்பது எனக்குக் காதில் விழுந்தது. பாராட்டுபோல விழுந்தது.

மறுநாள் சடையப்பன் மூச்சிரைக்க வந்தான்.

"அண்ணே, குதிகால்ல ஒருத்தனும் மிச்சம் இல்ல. எல்லாம் நேத்தே முடிச்சாச்சு. இன்னும் கூப்புடுதே, ஆளு எங்கண்ணே?"

"தேடிப் பாரு தம்பி. கூப்புட்டா யாராவது இருப்பாங்க."

எழுதப்பட்டது பொய் சொல்லாது என்பது செந்நாயின் நம்பிக்கை. எழுதுகிறவனைப் பார்த்தபிறகும் அந்த நம்பிக்கை போகவில்லை என்றால் அது எவ்வளவு நல்ல பிராணி! அவர்கள் தேடினார்கள். வேரைக் கடித்தார்கள், கூழாங்கல்லைக் கடித்தார்கள். அத்தனை வாய்களும் மூச்சு வாங்கியதில் காடு கொதித்தது. கண்டக்டருக்குக் காய்ச்சல் என்று மேலே பேசிக்கொண்டார்கள். பாறையில் வேறொரு வரி உண்டு, அதைப் படித்து ஒரு மணிப்புறா 'போதும், போதும்' என்று சொல்லும். அதுவும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஆள்காட்டி தொண்டை கிழியக் கத்தும்போது புறா முனகுவது யாருக்குக் கேட்கும்?

புதன்கிழமை அவர்கள் முட்டிப்பாறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

"அங்க ஒரு பாசி இருக்குண்ணே," என்றான் சடையப்பன். "அது மொகமே சரியில்ல."

"பாசிக்கு ஏதுடா மொகம்?"

"அதத்தாண்ணே நானும் சொல்றேன். மொகத்த மறைக்குது."

அன்று மாலை அஞ்சலை வந்தாள். வாயில் வழக்கமான கிண்டல் இல்லை. "ரங்கா, என் வீட்ட நோண்டுறானுங்க. பாசியப் பாதி பிச்சுட்டானுங்க. பாறை ரெண்டும் நேரா உரசுது, காதுல விழுதா? அந்தக் குருவி எப்ப நிறுத்தும்?"

கண்டக்டர் பஸ் படியில் ஏறும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அப்பா!" என்று முட்டியைத் தடவுவது எங்களுக்கும் அதிர்ந்தது.

"சனிக்கிழமை," என்றேன்.

"சனிக்கிழமைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆமை அய்யா அன்னிக்கு வர்றாரு."

"அவரு வர்றதுக்கும் குருவி கத்துறதுக்கும் என்ன?"

"ஒண்ணுமில்ல. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

அவள் என்னையே பார்த்தாள். எனக்குக் கண் பெரியது. தேவாங்குக்குக் கண்ணை ஒளிக்க இடமே கிடையாது. இருந்தாலும் ஒளித்தேன்.

ஆமை அய்யா முதலில் வியாழன் வருவதாகத்தான் இருந்தார், பிறகு சனிக்குத் தள்ளிப்போயிருந்தது. வியாழன் அன்று, வந்துகொண்டிருக்கிறார் என்று தகவல் வந்தது. ஆமை வந்துகொண்டிருக்கிறது என்பது ஒரு தகவலா? கடி வாங்கினாலும் பரவாயில்லை என்று அன்றே மரம் ஏறிக் கம்பியை அவிழ்த்திருக்கலாம். சடையப்பனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்னும் இரண்டு நாள், இரண்டே நாள் என்று எனக்கு நானே கூப்பாடு போட்டுக்கொண்டு, படிவத்தில் பெயரை இன்னொரு தடவை அழகாக எழுதினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அஞ்சலை மூன்று காலில் வந்தாள். நான்காவதைத் தூக்கிப் பிடித்திருந்தாள். முட்டிக்குக் கீழே வீங்கிச் சிவந்திருந்தது.

"யாரு?"

"சடையப்பன்தான். கடிச்சுட்டு மன்னிப்பும் கேட்டான். 'அக்கா, உங்களத் தெரியும், ஆனா கூப்புடுறாங்களே'ன்னான்." மூச்சு வாங்கினாள். "வீடு போச்சு ரங்கா. படுக்க எடமில்ல. இன்னொரு நாள் இது கத்துச்சுன்னா அடுத்த காலு. அப்புறம் நான். சனிக்கிழமைன்னு சொன்னியே, மிச்சம் மூணு காலையும் வாயில கவ்விக்கிட்டு வரட்டுமா?"

சொல்லிவிட்டேன். படிவம், தாசு, உறை, கம்பி, எல்லாவற்றையும். அவள் மேலே தொங்கிய ஓலையைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"ஒரு ஓலைக்கா?"

"பொந்துக்கு, அஞ்சலை."

"பொந்துக்கா," என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மரத்தடியில் எறும்புகள் வேறெதையோ சுமந்துகொண்டு போயின. ஓடினேன், அதாவது என்னால் முடிந்த வேகத்தில். நான் போய்ச் சேர்ந்தபோது வரிசையின் வால்தான் இருந்தது. அங்கே எறும்பு மேஸ்திரியம்மா நின்றிருந்தாள்.

"அம்மா, அந்த ஓலையத் தின்னுருங்கம்மா. பிளாஸ்டிக்னு பார்க்காதீங்க, கொஞ்சம் கொஞ்சமா..."

"கடைசி வரி இருக்கா?"

"எந்த வரி?"

"அஉஉஉஅ. அது இருந்தா தின்னே ஆகணும். அது இல்லாத எலையத் தொடக்கூடாது. எறும்புக்குன்னு எழுதுன ஒரே வரி அதுதானே? என்னய்யா எழுத்தரு நீ, பதினோரு வருசமா யாருக்கு எழுதுறோம்னு தெரியாமலா எழுதுன?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேலே உள்ள மூன்று கட்டளையும் நாய்களுக்கு. அடியில் உள்ள கிறுக்கல் எறும்புகளுக்கு. கூப்பிடச் சொன்ன வரியிலேயே, அந்தக் கூப்பாடு எப்போது அழிய வேண்டும் என்பதையும் எவனோ வெட்டி வைத்திருக்கிறான். காட்டைக் காப்பாற்றியது கடிக்கச் சொன்ன வார்த்தை மட்டும் அல்ல, அது நேரத்துக்குச் செத்துப்போனதும்தான். நான் அந்த வாலை வெட்டிக் குரங்குக்குத் தின்னக் கொடுத்திருக்கிறேன்.

நாவல்பழத்தைப் பிழிந்துகொண்டு மரம் ஏறினேன். பிளாஸ்டிக்கின் மேலேயே அஉஉஉஅ என்று எழுதினேன்.

"எழுதிட்டேன்மா, பாருங்க!"

"எழுதல. ஒழுகுது," என்றாள் மேஸ்திரியம்மா கீழேயிருந்து. "என் தலையில விழுது."

மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் வழிந்தது. கம்பியில் கை வைத்தேன். கீழே உறுமல் கேட்டது.

"அண்ணே, கழட்டாதே," என்றான் சடையப்பன். "கழட்டுனா கடிக்கணும்."

"நான்தானேடா எழுதுனேன்? நானே கழட்டக் கூடாதா?"

"எங்கம்மாவா இருந்தாலும் கடிக்கணும்ணே." அவன் தாடை ஒரு பக்கம் வீங்கியிருந்தது. கண் சிவந்திருந்தது. "எனக்கும் போதும்ணே. அஞ்சு நாளா வாய மூடல. அந்த அக்காவ ஏன் கடிச்சேன்னு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. ஆனா கூப்புடுதே. கூப்புடுறப்ப எப்படிண்ணே சும்மா இருக்குறது?"

சொல்லிக்கொண்டே பல்லைக் காட்டி மரத்தில் முன்னங்கால் வைத்தான். இந்த இடத்தில் கதாநாயகன் துணிந்து ஒரு காரியம் செய்வான். நான் பயந்துபோனேன். பயந்த தேவாங்கு ஒன்றுதான் செய்யும், கண்ணை இறுக மூடிக்கொண்டு, கைக்கு அகப்பட்டதைக் கட்டிப்பிடிக்கும். கைக்கு அகப்பட்டது ஓலை.

"வாருங்கள், சூடேற்..." என்ற குருவி பாதியில் நின்றது. இடது பக்கம் தலையைச் சாய்த்துப் பார்த்தது. வலது பக்கம் சாய்த்துப் பார்த்தது. எழுத்து இருந்த இடத்தில் என் முதுகுதான் இருந்தது. வாயை மூடிக்கொண்டது.

"அண்ணே," என்றான் சடையப்பன் மெதுவாக. "கழட்டுறியா?"

"இல்ல."

"பின்ன என்ன பண்ற?"

"சாஞ்சிருக்கேன்."

அவன் வெகுநேரம் யோசித்தான். நான்கு விதிகளையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பது அவன் நெற்றியில் தெரிந்தது. "சாயுறதப் பத்தி ஒண்ணும் சொல்லல," என்றான் கடைசியில். சொல்லும்போதே அவன் கால் மடங்கியது. விழுந்த இடத்திலேயே தூங்கிவிட்டான். மற்ற நாய்களும் நின்ற நின்ற இடத்தில் சரிந்தன. ஐந்து நாளில் முதல் தடவையாகப் புறாவின் 'போதும்' எல்லோருக்கும் கேட்டது.

சனிக்கிழமை மதியம் ஆமை அய்யா வந்து சேர்ந்தார். கூட யாரும் இல்லை. கூடப் புறப்பட்டவர்கள் வழியிலேயே ஓய்வு பெற்றுவிட்டார்களாம்.

"பொன்னுரங்கம் யாருப்பா?"

"நான்தான் அய்யா."

"எறங்கி வந்து பேசு."

"முடியாதுங்க அய்யா."

"மாதிரி எழுத்து எங்க?"

"வயித்துக்கு அடியில இருக்குங்க."

"வெலகு. பார்க்கணும்."

கீழே அஞ்சலை காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் மேலே பார்க்கவில்லை. சடையப்பன் தூக்கத்தில் காதை ஆட்டினான். பதினொரு வருடத்தில் நான் எழுதியவற்றுள் சிறந்தது என் வயிற்றுக்கும் மரத்துக்கும் நடுவே இருந்தது. அதைப் பார்ப்பதற்காகவே ஒருவர் மண்ணீரலிலிருந்து நடந்து வந்திருந்தார். 'வா'வின் வளைவை மட்டுமாவது அவர் பார்க்கட்டும் என்று தோன்றியது.

ஒரு விரல் அளவு நகர்ந்தேன். ஆம், நகர்ந்தேன். இதை மறைத்துக் கதையை நன்றாக முடித்திருக்கலாம், ஆனால் நகர்ந்தேன்.

குருவி உடனே வாயைத் திறந்தது. "வா..."

சடையப்பன் கண் திறந்தது.   அஞ்சலை நீட்டிய காலை மெதுவாக வயிற்றுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

அப்படியே மீண்டும் ஒட்டிக்கொண்டேன். "காட்ட முடியாதுங்க அய்யா."

ஆமை அய்யா எழுதினார். எழுதியதை வாய்விட்டும் படித்தார். "பதினாலாவது இனம். மாதிரி காட்டப்படவில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது."

"சரிங்க அய்யா."

"சரி, எப்ப எறங்குவ?"

"எறங்க முடியாதுங்க. எறங்குனா குருவி கத்தும், நாய் கடிக்கும்."

"சாப்பாட்டுக்கு?"

"பூச்சி வந்தா சாப்பிடுவேன்."

"லீவுக்கு?"

"ம்ஹூம்."

"ஓய்வு பெறுறப்ப?"

"பிளாஸ்டிக்குங்க அய்யா. மக்கிப்போக நானூறு வருசம் ஆகும்னு தாசு சொல்றான்."

"நானூறுதானே," என்றார் ஆமை அய்யா. அவர் முகத்தில் முதல் தடவையாக ஓர் ஆர்வம் வந்தது. ஓட்டுக்குள் கையை விட்டு இன்னொரு படிவம் எடுத்தார். "இதுக்குத் தனிப் பிரிவே இருக்குப்பா. எறக்க முடியாத பணியாளர். இதுக்கு மாதிரி வேண்டாம், தேர்வு வேண்டாம். ஆளு எடத்த விட்டு நகராம இருந்தாப் போதும்." முத்திரையை ஊதிக் குத்தினார். "வாழ்த்துகள். நீ நிரந்தரம்."

பொந்தும் ஒதுக்கினார்கள். இங்கிருந்தே தெரிகிறது. நல்ல பொந்து, கிழக்குப் பார்த்தது. இறங்கிப் போக முடியாததால் தாசு அதில் பேப்பர் கட்டு வைத்திருக்கிறான்.

முட்டிப்பாறையில் பாசி திரும்ப முளைக்கிறது, முன்பு இருந்த மெத்தை அளவுக்கு இல்லை. அஞ்சலை வீட்டுக்குப் போய்விட்டாள். கொஞ்சம் நொண்டுகிறாள். கண்டக்டரும்தான். சில நாள் மரத்தடிக்கு வந்து, "நெரந்தரம் ஆயிட்டியே, ஸ்வீட் எங்கடா?" என்று கேட்பாள்.

"எறங்கி வாங்கித் தர முடியாது, அஞ்சலை."

"தெரிஞ்சுதானே கேக்குறேன்," என்பாள். மன்னித்துவிட்டாளா என்று இன்னும் தெரியவில்லை. கேட்கவும் பயம்.

என் பழைய வேலைக்கு ஓர் அணில் வந்திருக்கிறாள். தற்காலிகம். கடைசி வரியின் அர்த்தம் அவளுக்கும் தெரியாது, ஆனால் விடாமல் எழுதுகிறாள். அவள் ஓலையை என் பக்கத்துக் கிளையில் மாட்டுவாள். குருவி கூவும், நாய்கள் ஓடும், மத்தியானம் எல்லாம் அடங்கும். பாறையில் ஒற்றை வரி செய்துவந்த வேலையை, ஒரே ஓர் ஓலைக்காக, நான் முழு உடம்பையும் வைத்துச் செய்துகொண்டிருக்கிறேன். அதைவிட மோசமாகவும் செய்கிறேன். கொஞ்சம் பருத்துவிட்டதால் சில நாள் அவள் ஓலையையும் சேர்த்து மறைத்துவிடுகிறேன். அன்றைக்கு நாய்கள் வராது, கண்டக்டருக்குச் சளி பிடித்தால் ஒரு மாதம் போகாது.

உச்சி வெயிலில் எறும்புகள் அவள் எழுத்தைத் துண்டு துண்டாக அறுத்துத் தூக்கிக்கொண்டு, என் மூக்கின் மேல் ஏறித்தான் போகின்றன. ஒன்றின் முதுகில் 'சூ' இருக்கும். இன்னொன்று 'டி'யை இழுத்துக்கொண்டு போகும். அவள் கீழே நின்று, "அய்யோ, இன்னிக்கு நல்லா வந்திருந்துச்சு சார்" என்று அங்கலாய்ப்பாள். எனக்கு அவளைப் பார்த்தால் வயிறு எரியும். எரிகிற வயிற்றை ஓலையின் மேல் இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொள்வேன்.

நீதி: நிரந்தர வேலை வேண்டுவோர் நல்லபடியாக வேலை செய்து காலத்தை வீணாக்க வேண்டாம். முடிவே இல்லாத ஒரு தப்பைச் செய்துவிட்டு, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டால் போதும்.